ஆண் எலி என்னும் அளவுகோல்

இருபதாம் நூற்றாண்டின் மூளை ஆய்வகங்களில் எழுதப்படாத விதியாக நிலைபெற்றுவிட்ட வழக்கங்களுள் ஒன்று, சோதனைக்கு ஆண் எலிகளை மட்டுமே தருவித்துக்கொள்வது. இதற்கென அரசாணை எதுவும் இருந்ததில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும் அவரிடமிருந்து அடுத்த தலைமுறைக்கும் கைமாறி வந்த நடைமுறை அது. பெண் எலியின் உடலில் நான்கைந்து நாளுக்கொரு முறை ஹார்மோன்கள் ஏறி இறங்குவதால் அளவீடுகள் நிலைகொள்ளாமல் சிதறும் என்பதும், ஆண் எலியிடம் அந்தத் தொல்லை கிடையாது என்பதுமே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். விழிப்பையும் உற்சாகத்தையும் செயற்கையாக உயர்த்தும் ஊக்கமருந்துகளான ஆம்பெட்டமைன், கொக்கெய்ன், மெதில்ஃபெனிடேட் ஆகியவை மூளையில் என்ன செய்கின்றன என்ற அறிவு பெருமளவு இந்த வழக்கத்துக்குள்ளேயே வளர்ந்தது. ஆனால் அதே பத்தாண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவரின் சீட்டோடு ஆம்பெட்டமைன் மாத்திரை வாங்கியவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அந்த வழக்கம் எவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கியது என்பது விளங்கும்.

வழக்கம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹென்றி டொனால்ட்சன் 1906ஆம் ஆண்டு முதல் வெள்ளை எலியை ஆய்வகங்களுக்கான பொது உயிராக வளர்த்தெடுக்கத் தொடங்கியபோதும், அங்கேயே ஹெலன் டீன் கிங் பல தலைமுறைகள் உடன்பிறப்புகளை இணைசேர்த்து ஒரே தன்மையுள்ள எலி வரிசைகளை உருவாக்கியபோதும், இரு பாலும் சமமாகவே கவனிக்கப்பட்டன. 1917இல் சார்லஸ் ஸ்டாக்கார்டும் ஜார்ஜ் பாப்பனிக்கொலாவும் கினிப்பன்றியின் யோனிச் செல்களை உருப்பெருக்கியில் பார்த்தே அதன் இனப்பெருக்கச் சுழற்சியின் கட்டத்தைச் சொல்லிவிட முடியும் என்று காட்டினர். 1922இல் கலிஃபோர்னியாவின் ஜோசப் லாங்கும் ஹெர்பர்ட் ஈவான்சும் அதே முறையை எலிக்குப் பொருத்தி, அதன் சினைச்சுழற்சியை, அதாவது கருமுட்டை முதிர்ந்து வெளிப்பட்டு மீண்டும் தொடங்கும் உடற்சுற்றை, ஒரு முழு நூலாக விவரித்தனர்.

அந்த முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. சொட்டுக்குழாயின் நுனியில் ஒரு துளி உப்புநீரை எடுத்து, எலியை ஒரு கையில் மெல்லப் பிடித்துக்கொண்டு, அத்துளியை யோனிக்குள் செலுத்தி உடனே உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும். வட்டமான, உட்கரு தெளிவாகத் தெரியும் செல்கள் கூட்டமாக இருந்தால் எலி சினைப்பருவத்தை நெருங்குகிறது. உட்கரு மறைந்து, ஓரங்கள் மடிந்து, செதில்போல் உலர்ந்த செல்களே நிறைந்திருந்தால் அது சினைப்பருவத்தில் இருக்கிறது. சிறிய வெள்ளணுக்கள் மண்டியிருந்தால் இடைப்பட்ட ஓய்வுக் காலம். ஒரு எலிக்குச் சில நிமிடம் பிடிக்கும் இந்த வேலையை நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்து குறிப்பேட்டில் பதிந்துவர வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு கடினம் இல்லை.

1923இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாங் என்னும் சீன ஆய்வாளர் பெண் எலிகளைச் சுழல் சக்கரத்தில் ஓடவிட்டு, அவை எத்தனை சுற்று ஓடுகின்றன என்பதை நாள்வாரியாகக் குறித்தபோது, நான்கு நாளுக்கொரு முறை ஓட்டம் உச்சத்துக்குப் போவதையும் அந்த உச்சம் சினைப்பருவத்தோடு பொருந்துவதையும் கண்டார். சினைப்பையின் ஹார்மோன்கள் மூளையையும் நடத்தையையும் அசைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி அன்று கிடைத்திருக்க முடியாது. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டில் நடத்தை ஆய்வும் மருந்தியலும் இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு விதமானது. பெண் எலி நாளுக்கு நாள் மாறுகிறது என்றால் அந்த மாற்றத்தையே ஆராயலாம் என்று கருதியவர் சிலர். அதை விலக்கிவிட்டு ஆணை எடுத்துக்கொண்டால் செலவும் விலங்கின் எண்ணிக்கையும் குறையும் என்று கருதியவர் பலர். இரண்டாவது கருத்தே ஆய்வக வழக்கமானது.

மருந்தின் வரலாறு வேறு தடத்தில் ஓடியது. ஆம்பெட்டமைனை 1887இல் பெர்லினில் முதன்முதலாகத் தயாரித்த ருமேனிய வேதியியலாளர் லாசர் எடெலியானு அதன் உடல்விளைவுகளைப் பற்றி ஏதும் அறிந்திருக்கவில்லை. 1920களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் கார்டன் ஆலஸ் அதை மீண்டும் தயாரித்துத் தம் உடலிலேயே சோதித்த பிறகு, ஸ்மித், கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனம் பென்சிட்ரின் என்ற பெயரில் முதலில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழலாகவும் பின்னர் மாத்திரையாகவும் விற்றது. 1937இல் ரோட் ஐலண்டு மாநிலத்தில் நடத்தைச் சிக்கலுள்ள குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் சார்லஸ் பிராட்லி 30 குழந்தைகளுக்குப் பென்சிட்ரின் கொடுத்து, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வகுப்பறையில் வியக்கத்தக்க அமைதியும் ஊக்கமும் பெற்றதாக எழுதினார். இன்று கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு என்று அழைக்கப்படும் நிலைக்கான மருத்துவத்தின் தொடக்கப்புள்ளி அதுவே. அந்த 30 பேரில் சிறுமியர் 9 பேர் மட்டுமே. 1944இல் பாசல் நகரின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் மெதில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். டென்னிஸ் ஆடுவதற்கு முன் அதை உட்கொண்டுவந்த அவர் மனைவி மார்கரீத்தின் செல்லப்பெயரான ரீட்டாவிலிருந்தே 1954இல் விற்பனைக்கு வந்த ரிட்டலின் தன் பெயரைப் பெற்றது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஆம்பெட்டமைனின் சந்தை போர்வீரரிடமிருந்து இல்லத்தரசியரை நோக்கி நகர்ந்தது. உடல் இளைக்கவும் மனச்சோர்வு நீங்கவும் அது பரிந்துரைக்கப்பட்டது. 1950இல் அறிமுகமான டெக்சாமில், ஆம்பெட்டமைனின் வலுவான வடிவத்தோடு அதன் படபடப்பைத் தணிக்க ஒரு தூக்கமருந்தையும் சேர்த்த கலவை. வீட்டு வேலையில் சலித்துப்போன பெண்ணின் முகத்தை மருத்துவ இதழ்களில் காட்டியே இத்தகைய மாத்திரைகள் விளம்பரப்படுத்தப்பட்டன. 1962இல் அமெரிக்காவின் ஆண்டு ஆம்பெட்டமைன் உற்பத்தி சுமார் 80,000 கிலோ என்று மதிப்பிடப்பட்டது. ஒவ்வொரு குடிமகருக்கும் 10 மில்லிகிராம் அளவில் ஆண்டுக்கு 43 வேளை மருந்து என்பது அதன் பொருள். அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரைப் பற்றி லெஸ்லி கிலோவும் சிட்னி பிராண்டனும் வெளியிட்ட ஆய்வு, ஆம்பெட்டமைன் மாத்திரைக்குப் பழகிப்போனவர்களுள் நடுத்தர வயதுப் பெண்களே மிகுதி என்று காட்டியது. 1960களில் அமெரிக்க உடல் இளைப்பு மருத்துவர்கள் ஆம்பெட்டமைனோடு தைராய்டு சுரப்பையும், சிறுநீர் பெருக்கியையும், இதய மருந்தான டிஜிட்டாலிசையும் பல நிற மாத்திரைகளாகச் சேர்த்து விற்க, உயிர்ச்சேதங்களுக்குப் பின் 1968இல் அமெரிக்க மேலவை அதை விசாரித்தது. 1971இல் ஆம்பெட்டமைன் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் பல லட்சம் பெண்கள் உட்கொண்ட ஒரு மருந்து, பெண்ணின் மூளையில் ஆணின் மூளையில் செய்வதையேதான் செய்கிறதா என்ற வினா முறையாக எழுப்பப்படவில்லை.

அந்த வினாவுக்கு ஒரு வேதிப்பொருளின் பெயர் தேவைப்பட்டது. டோபமைன் 1910இலேயே லண்டனில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும், நெடுங்காலம் அது வேறொரு சுரப்பின் இடைநிலைப் பொருள் என்றே எண்ணப்பட்டது. 1957இல் இங்கிலாந்தின் ரன்வெல் மருத்துவமனையில் கேத்லீன் மாண்டேகு அதை மூளைத் திசுவில் கண்டார். சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சனும் அவர் குழுவினரும் அது ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுசெல்லும் கடத்திப் பொருள் என்று நிறுவினர். 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசு கார்ல்சனுக்குக் கிடைத்தது இதற்காகவே. அசைவையும் ஊக்கத்தையும் நெறிப்படுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்னும் ஆழ்மூளைப் பகுதியில் டோபமைன் செறிந்துள்ளது. நரம்பணு அதைச் சிறு பைகளில் சேமித்து, தேவைப்படும்போது வெளியே விட்டு, வேலை முடிந்ததும் சுவரிலுள்ள கடத்திப் புரதத்தின் வழியே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொக்கெய்னும் மெதில்ஃபெனிடேட்டும் அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிடுகின்றன. ஆம்பெட்டமைன் அதே வழியாக உள்ளே புகுந்து, பைகளிலுள்ள டோபமைனைக் கசியச்செய்து, கடத்திப் புரதத்தையே எதிர்த்திசையில் இயங்கவைக்கிறது. இரண்டிலும் முடிவில் நிகழ்வது நரம்பணுக்களுக்கு வெளியே டோபமைன் பெருகுவதுதான்.

பெண் எலி ஆம்பெட்டமைனுக்கு ஆணைவிட வலுவாக எதிர்வினை காட்டுகிறது என்பது 1970களில் ஓரளவு தெரிந்தே இருந்தது. ஆனால் அதற்கு எளிதான விளக்கம் ஒன்று கைவசம் இருந்தது: ஆண் எலியின் கல்லீரல் ஆம்பெட்டமைனை விரைவாகச் சிதைத்துவிடுகிறது, பெண் எலியின் கல்லீரல் மெதுவாகச் சிதைக்கிறது, ஆகவே ஒரே அளவு ஊசி போட்டாலும் பெண்ணின் மூளைக்குக் கூடுதல் மருந்து போய்ச் சேர்கிறது. கல்லீரலைப் பற்றிய இக்கூற்று உண்மையே. அது உண்மையாக இருந்ததால்தான் மூளையைப் பற்றிய கேள்வி மேலும் சில ஆண்டுகள் எழாமல் போயிற்று எனலாம்.

இந்த முடிச்சை அவிழ்த்த சோதனை மிக எளிமையானது. இலினாய் பல்கலைக்கழகத்தில் விக்டர் டொமிங்கோ ராமிரெசின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜில் பெக்கர், எலியின் ஸ்ட்ரையேட்டத்திலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுத்து, அவற்றை ஒரு சிறு கலத்தில் வைத்து, உடல்நீரை ஒத்த கரைசலைத் தொடர்ந்து அதன்மேல் ஓடவிட்டு, அந்தக் கரைசலில் ஆம்பெட்டமைனைக் கலந்து, வெளியேறும் நீரில் எவ்வளவு டோபமைன் கசிந்திருக்கிறது என்று அளந்தார். கலத்துக்குள் கல்லீரல் கிடையாது. எல்லாத் துண்டுகளுக்கும் போய்ச் சேரும் மருந்து ஒரே அளவு. அப்படியிருந்தும் பெண் எலியின் திசு காட்டிய எதிர்வினை ஆணினுடையதிலிருந்து வேறுபட்டது. சினைச்சுழற்சியின் கட்டத்துக்கேற்ப அது கூடவும் குறையவும் செய்தது. சினைப்பை அகற்றப்பட்ட எலியின் திசுவில் கசிவு சுருங்கியது. ஆணுக்கு விதைகளை அகற்றினாலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. 1981இல் வெளியான அந்தக் கட்டுரையை இத்துறையின் உண்மையான தொடக்கமாகக் கொள்வது மிகையாகாது.

உயிருள்ள எலியிலும் இதே படம் தெரிந்தது. மூளையின் இரு பாதிகளுக்கிடையே டோபமைன் அளவு சமமற்றிருக்கும் எலி ஆம்பெட்டமைன் பெற்றதும் ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். சுவீடனின் ஊர்பன் உங்கர்ஸ்டெட் 1970 வாக்கில் அந்தச் சுற்றுகளை எண்ணியே மருந்தின் வலுவை அளக்க முடியும் என்று காட்டியிருந்தார். பெக்கரும் டெர்ரி ராபின்சனும் அதே முறையைக் கையாண்டு, சினைப்பருவத்தில் பெண் எலி சுற்றும் சுற்றுகள் ஓய்வுக் காலத்தில் சுற்றுவதைவிடவும் ஆண் எலி சுற்றுவதைவிடவும் மிகுதி என்று கண்டனர். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெக்கரின் குழு மைக்ரோடயாலிசிஸ் முறையை, அதாவது முடியளவு நுண்குழாய் ஒன்றை மூளைக்குள் இறக்கி நரம்பணுக்களுக்கு வெளியேயுள்ள நீரைச் சொட்டுச்சொட்டாக எடுத்துப் பகுக்கும் முறையை, பயன்படுத்தி 1993இல் இவ்வேறுபாட்டை நேரடியாக அளந்தது. சினைப்பை அகற்றப்பட்ட எலிக்கு ஈஸ்ட்ரடையால் என்னும் முதன்மைப் பெண்பால் ஹார்மோனைக் கொடுத்தால் அரைமணி நேரத்துக்குள் டோபமைன் எதிர்வினை உயர்ந்தது. மரபணுக்களை எழுப்பிப் புதிய புரதம் உண்டாக்குவதற்கு இந்த நேரம் போதாது என்பதால், ஹார்மோன் நரம்பணுவின் மேற்சுவரிலேயே நேராக வேலை செய்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது; 1996இல் ஸ்ட்ரையேட்ட நரம்பணுக்களின் கால்சிய ஓட்டத்தை ஈஸ்ட்ரடையால் சில நொடிகளில் தணிப்பது கண்டறியப்பட்டபோது அக்கருத்து ஊர்ஜிதமானது.

மருந்துக்காக உழைக்கும் அளவிலும் வேறுபாடு இருந்தது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் நடந்த சோதனையில், ஒவ்வொரு வேளை கொக்கெய்னுக்கும் முன்னதைவிடக் கூடுதலான முறை நெம்புகோலை அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு செய்தபோது, பெண் எலிகள் கைவிடாமல் வெகுதூரம் போயின. சினைப்பருவ நாளில் இன்னும் அதிகமாகப் போயின. பத்தாண்டு கழித்து மினசோட்டாவில் வெண்டி லிஞ்சும் மேரிலின் கேரலும் பெண் எலிகள் கொக்கெய்னைத் தாமாகச் செலுத்திக்கொள்ளக் கற்பதும் விரைவு என்று காட்டினர். போதை மருத்துவர்கள் நெடுநாள் கவனித்துவந்த ஒரு செய்தியோடு இது ஒத்துப்போகிறது: முதல் உபயோகத்திலிருந்து சிகிச்சை தேவைப்படும் நிலைவரை பெண்கள் கடக்கும் காலம் பலவேளை ஆண்களைவிடக் குறுகியது.

மனிதரிடம் இதைச் சோதிப்பதற்கு வேறொரு தடை குறுக்கே நின்றது. தாலிடமைடு மாத்திரையால் ஊனத்தோடு பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் நினைவு நீங்காத காலத்தில், 1977இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கச் சொன்னது. கருவைக் காக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது உண்மை. ஆனால் கருத்தடை செய்துகொண்டிருப்பவர், துணையற்றவர் என்ற வேறுபாடு எதுவும் பாராமல் எல்லாரையும் அது விலக்கியது; மருந்து சந்தைக்கு வந்தபின் அதே பெண்கள் அதை உட்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. 1993இல்தான் அந்த நெறி திருத்தப்பட்டது. அரசு நிதியில் நடக்கும் மருத்துவச் சோதனைகளில் பெண்களைச் சேர்ப்பது அதே ஆண்டு சட்டமாயிற்று.

அதன்பின் வந்த ஆய்வுகளுள் சிகாகோவில் ஆஞ்சலா ஜஸ்டிசும் ஹாரியட் டி விட்டும் 1999இல் வெளியிட்டது முதன்மையானது. ஒரே பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியின் முன்பாதியில் ஒரு முறையும் பின்பாதியில் ஒரு முறையும் ஆம்பெட்டமைன் கொடுத்தபோது, ஈஸ்ட்ரடையாலை உள்ளடக்கிய ஈஸ்ட்ரஜன் தனியே மேலோங்கும் முன்பாதியில் அவர்கள் உணர்ந்த உற்சாகம் மிகுந்திருந்தது. புரொஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு பெண்பால் ஹார்மோன் சேர்ந்துகொள்ளும் பின்பாதியில் அது தணிந்தது. எலியில் கண்டதற்கு இது இணக்கமானது. ஆனால் 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிந்தியா மன்ரோவின் குழு 28 ஆண்களுக்கும் 15 பெண்களுக்கும் ஆம்பெட்டமைன் செலுத்தி, டோபமைன் ஏற்பிகளில் ஒட்டும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு பெட் ஸ்கேன் எடுத்தபோது, ஸ்ட்ரையேட்டத்தின் பெரும்பகுதிகளில் டோபமைன் வெளிப்பாடு ஆண்களிடமே மிகுந்திருந்தது. அதே ஆண்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வேறொரு கதிரியக்கப் பொருளைக் கொண்டு சிறு எண்ணிக்கையினரிடம் நடந்த ஆய்வோ, சில பகுதிகளில் பெண்களின் எதிர்வினையே மிகுதி என்றது.

இம்முரணைக் கண்டு ஒரு தரப்பைப் பொய்யென்று தள்ளுவது அவசரம். எலியில் நாள் தவறாமல் சினைப்பருவம் பார்த்து, சினைப்பையை எடுத்தும் ஹார்மோனைக் கொடுத்தும் பெறப்பட்ட விடையையும், மனிதரில் ஒரே ஒரு நாளில் எடுத்த படத்தின் விடையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பெட் ஸ்கேன் டோபமைனை நேராக அளப்பதில்லை. ஒட்டியிருந்த பொருளை டோபமைன் எவ்வளவு தள்ளிவிட்டது என்பதிலிருந்து ஊகிக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் நிற்கும் உண்மை, பெண் மூளைக்குக் கூடுதல், ஆண் மூளைக்குக் குறைவு என்று ஒரு வரியில் சொல்லிவிடக்கூடியது எதுவும் இல்லை என்பதே. எந்தப் பகுதி, எந்த மருந்து, சுழற்சியின் எந்த நாள் என்று கேட்காமல் இவ்வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. நூறு ஆண்டுக்கு முன் வாங்கின் சுழல் சக்கரம் கேட்டதும் இதே வகைக் கேள்விதான்.

பெண் எலியை விலக்கியதற்குச் சொல்லப்பட்ட மூலக் காரணம் மிகத் தாமதமாகவே சோதிக்கப்பட்டது. 2011இல் அன்னலீஸ் பீரியும் இர்விங் சக்கரும் 2009ஆம் ஆண்டின் கட்டுரைகளை எண்ணிப் பார்த்து, நரம்பியலில் ஒரு பாலை மட்டும் கொண்ட ஆய்வுகளுள் ஒரு பெண் விலங்கு ஆய்வுக்கு ஐந்தரை ஆண் விலங்கு ஆய்வுகள் என்ற விகிதத்தைக் கண்டனர். 2014இல் பிரையன் பிரெண்டர்காஸ்டும் சக்கரும் சுண்டெலிகளைப் பற்றிய 293 கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சுழற்சியின் கட்டத்தைக் கணக்கில் கொள்ளாமல் பெண் விலங்கைப் பயன்படுத்தினாலும் அளவீடுகளின் சிதறல் ஆணினுடையதைவிட மிகுதியாக இல்லை என்று தெரிந்தது. 2016இல் பெக்கரின் பங்களிப்போடு எலிகளைப் பற்றி வந்த தொகுப்பாய்வும் அதையே உறுதிசெய்தது. ஒரே கூண்டில் வாழும் ஆண்களுக்குள் வலியது மெலியது என்ற வரிசை உண்டாவதும், அதற்கேற்ப அவற்றின் ஹார்மோன் மாறுவதும் நெடுநாளாகவே தெரிந்தவை. ஆணின் மாற்றத்தை இயல்பு என்றும் பெண்ணின் மாற்றத்தை இடையூறு என்றும் கொண்டதற்கு அளவீட்டின் ஆதாரம் இருந்திருக்கவில்லை. எத்தனையோ நுட்பமான கருவிகளைக் கட்டியெழுப்பிய ஒரு துறை, தன் அடிப்படை அனுமானம் ஒன்றை எண்ணிப் பார்க்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது வருந்தத்தக்கது.

2014இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் அறிவித்து 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறி, முதுகெலும்புள்ள விலங்குகளில் நடக்கும் ஆய்வுகளும் பாலினத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. 2017இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் எரின் கலிபாரியும் எரிக் நெஸ்லரின் குழுவினரும், சினைப்பருவத்தில் டோபமைன் நரம்பணுக்களே கூடுதலாகத் துடிப்பதையும், கடத்திப் புரதத்தின்மேல் கொக்கெய்னின் பிடி இறுகுவதையும் காட்டினர். நோயாளிகளின் பக்கத்திலிருந்தும் அசைவு தொடங்கியிருக்கிறது: கவனக்குறைவுக்கு ஊக்கமருந்து உட்கொள்ளும் பெண்கள், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மருந்து வேலை செய்வதில்லை என்று மருத்துவரிடம் சொல்லிவந்தார்கள்; 2023இல் நெதர்லாந்தில் 9 பெண்களுக்கு அந்த நாட்களில் மட்டும் மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தபோது கவனமும் மனநிலையும் சீரடைந்தன. ஒன்பது பேரைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. ஆயினும் நோயாளிகள் சொன்னதை மருத்துவர் செவிமடுத்துச் சோதித்தார் என்பதாலேயே அது மதிக்கத்தக்கது.

2020இல் நிக்கோல் வொய்டோவிச், பீரி, தெரேசா உட்ரஃப் மூவரும் பத்தாண்டு மாற்றத்தை மறுபடி எண்ணினர். இரு பாலையும் சேர்த்த ஆய்வுகள் 2009இல் 28 விழுக்காடாக இருந்தவை 2019இல் 49 விழுக்காடாக உயர்ந்திருந்தன. ஆனால் கிடைத்த தரவை ஆண், பெண் என்று பிரித்து ஆராய்ந்த ஆய்வுகளின் விகிதம் பெரும்பாலான துறைகளில் உயரவில்லை; பெண் எலிகள் கூண்டுக்கு வந்துசேர்ந்துவிட்டபோதும், அவற்றின் எண்கள் ஆண் எலிகளின் எண்களோடு கலந்தே அச்சேறிக்கொண்டிருக்கின்றன.